கிரேக்கம் கேட்டுத் திரும்பிய துணிகள்

பொடாரம்பாளையத்துத் துணிமணிகள் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் உடம்பை விட்டு இறங்கும் என்று ஆன வருசத்தில், பல் முளைத்த பிள்ளை முதல் பல் போன கிழவன் வரைக்கும் அந்த ஊரில் எல்லோரும் கிரேக்கம் படித்தார்கள், பனியன் கம்பெனியில் பிளாட்லாக் மிஷின் ஓட்டும் டெய்லர் துளசிமணியின் வீட்டுக்காரன் சென்னியப்பன் ஒருத்தனைத் தவிர.

அது எப்படி வந்தது என்று கேட்டால் ஊரில் யாரும் நின்று பதில் சொல்ல மாட்டார்கள், ஷிப்டு கெட்டுப்போகும். ஆனாலும் நடந்தது இதுதான். கிரேக்க நாட்டு வியாபாரி ஒருவனுக்கென்று ஊரே சேர்ந்து தைத்து அனுப்பிய பச்சைச் சட்டைச் சரக்கு, நிறம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று அங்கே துறைமுகத்திலேயே நிறுத்தப்பட்டு, எடுப்பாரும் இல்லாமல் திருப்புவாரும் இல்லாமல் கொட்டகையில் மாதக்கணக்கில் கிடந்து, அந்த ஊர் மூட்டை தூக்குகிறவர்கள் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பேசின பேச்சையெல்லாம் அட்டைப்பெட்டிக்குள் இருந்தபடியே கேட்டுக் கேட்டு, ஒருநாள் மறுபடி கப்பலேறி வீடு வந்து சேர்ந்தது. வந்ததைக் கம்பெனிக்காரர்கள் கிலோக் கணக்கில் சந்தையில் தள்ளிவிட்டார்கள். சீமைக்குத் தைப்பதும், சீமைக்காரன் வேண்டாம் என்றதைத் தாங்கள் உடுத்திக்கொள்வதும் அந்த ஊருக்குப் பழகிப்போன காரியம் என்பதால், ஊரே அந்தப் பச்சையைப் போட்டுக்கொண்டு டீக்கடைக்கும் பால் சொசைட்டிக்கும் நடந்தது. சாயங்காலம் கழற்றப் பார்த்தால் கழலவில்லை.

கத்தரிக்கோல் வைத்தால் கத்தரிக்கோல் மழுங்கியது. கட்டிங் மாஸ்டர் கைமிஷினைக் கொண்டுவந்து வைத்தார், பிளேடு வாழைநாராட்டம் வளைந்துகொண்டது. கடைசியில் செக்கிங் சூப்பர்வைசர் ஒருத்தி, தான் போட்டிருந்த சட்டையின் கழுத்துப் பட்டியில் இருந்த லேபிளைப் போனிடம் காட்டி, போன் வாசித்ததைத் தானும் திருப்பிச் சொன்னாள். "புளூசாக்கி." சட்டை, சோற்றுத் தட்டைக் கண்ட நாய்க்குட்டி மாதிரி ஒரு குலுக்குக் குலுக்கி, தலை வழியாகத் தானே ஏறி அவள் கையில் வந்து உட்கார்ந்தது.

அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்று சொன்னவள் பழனாத்தாள், துளசிமணிக்கு அடுத்த மிஷினில் தைக்கிறவள், பக்கத்து வீட்டுக்காரியும் கூட.

"நம்மூர்ல எதையாச்சும் பேரு சொல்லிக் கூப்புட்டிருக்கறமா? சட்டையும் பீஸு, டவுசரும் பீஸு, கொழந்தைக்குப் போடற குல்லாவும் பீஸு. 'அந்தப் பீஸை இக்கட்டத் தள்ளு, இந்தப் பீஸை அக்கட்டப் போடு'ன்னே நம்ம பொழப்பு ஓடிப்போச்சு. கடல் தாண்டிப் போயித்தான் தனக்கொரு பேரு இருக்குதுங்கறதே அதுகளுக்குத் தெரிஞ்சிருக்குது. பேரு தெரிஞ்சு வந்தவளப் பீஸுன்னு கூப்புட்டா அவ திரும்பிப் பார்ப்பாளா?"

அவள் சொன்னது சரியென்றே எல்லோருக்கும் பட்டது. கம்பெனிகளில் பீஸ் என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது என்று போர்டு வைத்தார்கள். ஆனாலும் வந்த ரோஷம் போகவில்லை. ஒரு தொட்டியில் விழுந்த சாயம் அடுத்த துணிக்கும் ஏறுகிற மாதிரி, பச்சைச் சட்டையின் குணம் பனியனுக்கு ஏறி, பனியனிலிருந்து பேன்ட்டுக்கு ஏறி, பேன்ட்டிலிருந்து நைட்டிக்கு ஏறி, அந்த ஊரில் தைத்த துணி அத்தனையும் கிரேக்கத்தில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பேன் என்றது. வேறு ஊரில் நெய்து வந்த சேலையும் வேட்டியும் மட்டும் பழையபடி நடந்துகொண்டன. அதனால் சேலைக்காரிகள் நைட்டிக்காரிகளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்கள், அன்றைக்குச் சாயங்காலம் உள்பாவாடையை அவிழ்க்கப் போகும் வரைக்கும்.

உடுத்தியவர் வாயால்தான் சொல்ல வேண்டும், அடுத்தவர் சொன்னால் செல்லாது. முணுமுணுத்தால் கேட்காது, தெருவில் போகிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட வேண்டும். வாய் பேசாத பிள்ளைகளிடமும் ஊமைகளிடமும் துணிகள் பெருந்தன்மையாக நடந்துகொண்டன. வாய் இருந்தும் கூப்பிடாதவனிடம்தான் வன்மம் வைத்தன. அப்படிப்பட்டவன் மேல் கிடக்கிற துணி நாளுக்கு நாள் சுருங்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகு ஊர் சும்மா இருக்குமா. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்த லோகு, ஒரே ராத்திரியில் போர்டை மாற்றி, லோகு கிரேக்கப் பயிலகம் என்று எழுதிவிட்டான். காலையில் ஆண்கள் வகுப்பு, மத்தியானம் பெண்கள் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை உள்ளாடைகளுக்குத் தனி வகுப்பு, அதற்கு மட்டும் ஜன்னல் சாத்தியிருக்கும். ஃபனேலா என்றால் பனியன், பன்டெலோனி என்றால் பேன்ட், நிக்திகோ என்றால் நைட்டி, மெசோஃபோரி என்றால் உள்பாவாடை, கால்ட்செஸ் என்றால் சாக்ஸ். ஒரு வாய் தண்ணீர் கேட்க அந்தப் பாஷையில் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, துணியைக் கழற்ற மட்டும் எல்லோருக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தால் பாட்டுப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு, "பாப்பா குளிர்காலத்து உருப்படியெல்லாம் படிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார்கள். கவுன்சிலர், கிரேக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்ததே தான்தான் என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்தார். மாரியாத்தா கோயிலில் அம்மனுக்கு உடுத்தின பாவாடை இந்த ஊரில் தைத்தது என்பதால், அதைக் களையும்போது கிரேக்கத்தில் சொல்லலாமா, சொன்னால் தீட்டாகுமா, அம்மனுக்குக் கிரேக்கம் தெரியுமா என்று ரெண்டு கட்சி கட்டிக்கொண்டு கோயிலைப் பூட்டும் அளவுக்குப் போனது. பூசாரி உள்ளே போய்த் தொட்டார், பாவாடை பேசாமல் கழன்று வந்தது. ரெண்டு கட்சியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று பட்டாசு வெடித்தார்கள்.

துளசிமணிக்குச் சொற்கள் சீக்கிரம் பிடிபட்டன. மிஷின் ஓட்டிக்கொண்டே சொல்வாள், வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வாள். ஆனால் வீட்டில் சென்னியப்பன் இருக்கும்போது அதைச் சத்தமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் தூய்மொழிப் பேரவையின் கிளைச் செயலாளர். ஆனாலும் அவள் முணுமுணுப்பு அவன் காதில் விழாமல் இல்லை.

சென்னியப்பன் சின்ன யானை என்கிற குட்டி லோடு வண்டி ஓட்டுகிறவன், சாயப்பட்டறைக்கும் கம்பெனிக்கும் துணி உருளை ஏற்றிப் போகிறவன். படிப்பு பெரிதாக இல்லை, ஆனால் ஒரு சொல் பிடித்துவிட்டால் அதற்கு உண்மையாக இருக்கிற ஆள். ஸ்டியரிங்கைத் திசைமாற்றி என்பான், பெட்ரோல் பங்கில் போய் நின்று எரிநெய் கேட்பான், பங்குக்காரப் பையன்கள் அதற்காகவே அவன் வண்டி வந்தால் ஓடிவருவார்கள். பேரவையில் மற்றவர்கள் மேடையில் ஒரு தமிழும் வீட்டில் ஒரு தமிழும் பேசினார்கள். பொன்னெழிலன் என்று பேர் மாற்றிக்கொண்ட பொருளாளர், அவன் அம்மா பொன்னுச்சாமி என்று கூப்பிட்டால்தான் சோற்றுக்கு எழுந்து வருவான். சென்னியப்பன் அப்படி இல்லை. அவன் சொன்னதை அவனே நம்பினான், அந்தப் பேரவையில் அவன் ஒருத்தன்தான் அப்படி.

துணிகள் திரும்பி வந்த புதிதில், பஸ் ஸ்டாண்டு முக்கில் பேரவை கண்டனக் கூட்டம் போட்டது. சென்னியப்பன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, லோடு ஏற்றின அதே பச்சைச் சட்டையோடு மேடையேறி, மைக்கைப் பிடித்து, "இந்த நாவில் அயல்மொழிச் சொல் ஒன்றும் ஏறாது. உயிரே போனாலும் இந்தச் சட்டையை அதன் மொழியில் அழைக்க மாட்டேன்" என்றான். பேரவைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நின்று நாங்களும் என்றார்கள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அன்றைக்கிருந்து பேரவைக்காரர்கள் வீட்டுக் குளியலறைகளில் குழாய்த் தண்ணீர் அளவுக்கு மீறி ஓடியது, உள்ளே என்ன பேச்சு நடக்கிறது என்று வெளியே கேட்காத அளவுக்கு. சென்னியப்பன் வீட்டில் மட்டும் குழாய் எப்போதும் போலச் சொட்டியது, இடுப்பில் வெளியூர் வேட்டி மட்டும் என்பதால் அங்கே சிக்கல் இல்லை, அவன் சட்டையோடே குளித்தான்.

முதல் வாரம் சட்டை கச்சிதமாக இருந்தது, ஆள் இளைத்து அழகாகத் தெரிகிறான் என்றார்கள். அப்புறம் தோள்பட்டை இறுகியது. அப்புறம் கையைத் தூக்க முடியாமல் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்திப் படுதா போட்டு மூடினான். நெஞ்சில் அச்சடித்திருந்த கிரேக்க எழுத்துகள் நெருங்கி நெருங்கி எறும்பு ஊர்கிற மாதிரி ஆகின.

"ஏனுங், ஒரு சொல்லுதானுங்" என்றாள் துளசிமணி. "நான் வேணும்னா வெளிய போயிர்றன். நீங்க கதவைச் சாத்திக்கிட்டுச் சொல்லிப்போடுங்."

"ஊருக்கு முன்னால சத்தியம் பண்ணிப்போட்டன் புள்ள."

"ஊரு பண்ணுன சத்தியம் என்னாச்சாமா? உங்க பொருளாளரு நேத்து வேற சட்டை போட்டிருந்தாரு. அது எப்படிக் கழன்டுது, பாம்பு சட்டை உரிச்சாப்புல உரிஞ்சிருச்சா?"

"அவங்க மனசுக்கு அவங்க பதில் சொல்லிக்குவாங்க."

"உங்க மனசு உள்ள இருக்கறதுக்கு எடமே இல்லையேங். அந்தச் சட்டை இப்பவே நெஞ்செலும்ப எண்ணுது."

அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்புக்கு வேண்டிய காற்று உள்ளே போகவில்லை. சோறும் இறங்கவில்லை. மூணு ஆள் சோறு சாப்பிடுகிறவன், கால் டம்ளர் கஞ்சியைக் குடித்துவிட்டு வயிறு சட்டையில் முட்டுகிறது என்று வைத்துவிடுவான். டாக்டர் வந்து பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பை வைக்க முடியவில்லை, தட்டிப் பார்த்தார், உரலைத் தட்டின மாதிரிக் கேட்டது. "இதுக்கு மாத்திரை இல்லைம்மா. சொல்லச் சொல்லுங்க" என்றார். அவர் டையைத் தளர்த்த அவர் என்ன சொன்னார் என்பதைத் துளசிமணி வாசலில் நின்று கேட்டாள்.

லோகு வந்தான். தலைமாட்டில் உட்கார்ந்து, "அண்ணா, எங்க பயிலகத்து மாணவர்னு சொல்லிட்டுச் சொன்னீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது" என்றான். துளசிமணி முறத்தை எடுத்தாள், போய்விட்டான்.

பொன்னெழிலன் வந்தான். அவன் தலைமாட்டுக்குப் போகவில்லை, நேரே அடுப்படிக்கு வந்தான்.

"அண்ணி, அண்ணன் நல்லாச் சிரிச்சாப்புல ஒரு போட்டோ இருக்குதுங்களா?"

"எதுக்கு?"

"ஒரு பிளெக்ஸ் அடிக்கறமுங். சும்மா, ஒரு வாழ்த்துக்கு."

"வாழ்த்துக்கு அடிக்கற பிளெக்ஸுல எதுக்கு ஓரத்துல வெளக்கு எரியுது?"

அவன் கையில் பிடித்திருந்த போனில், சென்னியப்பன் முகம் வரவேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் ரோஜாப்பூ, ஓரத்தில் குத்துவிளக்கு, கீழே பேரவைக்காரர்கள் அத்தனை பேர் தலையும் கடுகு மாதிரி. போனைத் திருப்பிப் பைக்குள் போட்டுக்கொண்டு பொன்னெழிலன் சொன்னான், "தலைவர் முகில்வேந்தனாரே சென்னையிலிருந்து வாராருங் அண்ணி. இந்தப் பேரவை ஆரம்பிச்சு இத்தனை வருசத்துல நம்மூருக்கு அவர் வந்ததே இல்லை. அண்ணனாலதான்."

"பத்திரமா வரச்சொல்லு பொன்னுச்சாமி" என்றாள் துளசிமணி. பழைய பேரைக் கேட்டதும் அவன் மூஞ்சி சுண்டிப்போனது.

முகில்வேந்தனார் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரண்டுமே வெளியூர் நெசவு. காலையில் லாட்ஜில் இறங்கினதும் கிளைக்காரர்கள் மரியாதைக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். உள்ளூர் உற்பத்தி ஒன்றிரண்டு அதில் இருந்தது. தலைவர் பயணத்தில் கசங்கின உருப்படியை மாற்றிப் பெட்டியில் இருந்ததை உடுத்தி, மேலே வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதை அப்போது யாரும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. வழி நெடுக இளநீர் கொடுத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரர், தாகம் அதிகம், கொடுத்ததையெல்லாம் குடித்தார்.

கட்டிலருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சென்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். அந்தச் சின்ன அறையில் பேரவைக்காரர்கள் பத்திருபது பேர், ஜன்னலில் நாலைந்து தலை, வாசலில் டிவிக்காரர்கள். "மொழி என்பது மூச்சு. அந்த மூச்சையே மொழிக்குத் தருகின்ற மறவரைக் கண்டோம்" என்றார். கைதட்டினார்கள். சென்னியப்பன் கண்ணில் நீர் நின்றது, அது பெருமையிலா இறுக்கத்திலா என்று துளசிமணிக்குத் தெரியவில்லை. அவன் மூக்கு வழியாகத்தான் கொஞ்சம் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான், நெஞ்சு ஏறி இறங்குவது நின்றுபோய் அரை நாள் ஆகியிருந்தது. இன்றைக்குள் சொல்லாவிட்டால் நாளைக்குப் பார்த்து அழ இந்த மனுசன் இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது, பிளெக்ஸ்காரனுக்கும் தெரிந்தது.

பேச்சின் நடுவில் தலைவர் காலை மாற்றி மாற்றிப் போட்டார். அப்புறம், "ஒதுங்க இடம் உண்டா?" என்றார்.

கட்டில் போட்டிருந்த அறைக்கு ஒட்டினாற்போல்தான் குளியலறை, தகரக் கதவு. உள்ளே போனார். தாழ்ப்பாள் போட்டது கேட்டது, வேட்டி சரசரத்தது கேட்டது. அதற்கப்புறம் கேட்க வேண்டியது கேட்கவில்லை. அறைக்குள் இருந்தவர்கள் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ இழுபடுகிற சத்தம், ஒரு முனகல், பிறகு கனைப்பு.

"தோழர்களே."

"சொல்லுங்கள் ஐயா" என்றான் பொன்னெழிலன்.

"இந்த உள்ளாடை ஒத்துழைக்க மறுக்கிறது."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அந்தச் சொல் தெரியும், அத்தனை பேரும் காலையில் அதைச் சொல்லிவிட்டுத்தான் குளித்து வந்திருந்தார்கள். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்காமல் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்தார்கள். மற்றவன் சொல்வான் என்று ஒவ்வொருத்தனும் நின்றான்.

"ஐயா, அதற்கென்று தூய சொல் ஒன்றை ஆக்க உடனடியாகக் குழு அமைத்து..." என்று பொன்னெழிலன் ஆரம்பித்தான்.

"குழுவுக்கு நேரமில்லை தம்பி." தகரக் கதவில் நெற்றி முட்டுகிற சத்தம். "சற்றும் நேரமில்லை."

அடுப்படி வாசலில் நின்ற பழனாத்தாள் வாயைத் திறந்தாள். துளசிமணி அவள் இடுப்பில் கிள்ளினாள்.

"சும்மா இரு அக்கா."

"அந்த மனுசன் செத்துப்போவாரு புள்ள."

"சாக மாட்டாரு. நனைவாரு, அவ்வளவுதான். சாகப்போறது என்ற ஊட்டுக்காரரு."

துளசிமணியின் நாக்கு நுனியிலும் அந்தச் சொல் வந்து நின்றது. அவள் அதை விழுங்கிக்கொண்டாள். பதினெட்டுக் கம்பெனி மாறி மாறித் தைத்து அவள் தெரிந்துகொண்டதைவிட அதிகமாக இந்த ஒரு ஆளை அவளுக்குத் தெரியும். தனக்கு வந்தால் பல்லைக் கடித்துக் கிடப்பான், அடுத்த உயிர் தவித்தால் அவனால் தாங்க முடியாது. லோடு வண்டியை நடுரோட்டில் நிறுத்தி, குறுக்கே படுத்த ஆடு குட்டி போட்டு முடிக்கிற வரைக்கும், பின்னால் பஸ்ஸும் லாரியும் ஆரன் அடித்துத் திட்டத் திட்ட, வெயிலில் காவல் நின்றவன். அறைக்குள் நின்ற மற்றவர்களை அவள் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தாள்.

தகரக் கதவுக்குப் பின்னால் தலைவர் அழுகிற குரலில், "யாராவது" என்றார். மேடையில் கேட்ட குரல் இல்லை அது. எந்தத் தமிழிலும் சேராத ஒரு குரல்.

சென்னியப்பன் கட்டிலில் கையை ஊன்றினான். சட்டை அவனைப் பிடித்துப் பின்னால் இழுத்தது. மறுபடி ஊன்றி எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கதவுகிட்டே போய், தகரத்தில் வாயை வைத்தான்.

"ஐயா. சோவ்ரகோன்னு சொல்லுங்."

பேரவைக்காரர்கள் தலை அத்தனையும் தகரக் கதவுப் பக்கம் திரும்பியது.

"சோவ்..." என்று உள்ளே முணுமுணுப்பு.

"முணுமுணுத்தா அதுக்குக் கேக்காதுங்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் அவன் காற்றைத் தேடினான். "ஆளைக் கூப்படறாப்புல. கூச்சப்படாதீங். சோவ்ரகோ."

"சோவ்ரகோ" என்று உள்ளேயிருந்து கணீரென்று வந்தது, மாநாட்டில் கொடியேற்றி முழங்குகிற மாதிரி. அதற்கப்புறம் கேட்ட சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்த பத்திருபது பேர் முகத்திலும், தங்களுக்கே வழி கிடைத்த மாதிரி ஒரு நிம்மதி பரவியது.

சென்னியப்பன் மேல் கிடந்த சட்டைக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. இத்தனை நாள் பேர் தெரியாது என்று கிடந்திருக்கிறான் என்று அது நினைத்திருந்தது போலும். தெரிந்திருக்கிறது. இன்னொருத்தன் இடுப்பில் கிடக்கிற உருப்படியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், நெஞ்சோடு கிடக்கிற என்னைக் கூப்பிடவில்லையா என்று, கேட்டவர்கள் காதுக்கே தையல் நெறிபடும்படி ஒரு இறுக்கு இறுக்கியது. சென்னியப்பன் முழங்கால் மடங்கித் தரையில் உட்கார்ந்தான்.

துளசிமணி ஓடிப்போய்ப் பிடித்தாள். "இதையுங் கூப்புட்டுப்போடுங். அதைக் கூப்புட்டீங்கள்ள. இதையுங் கூப்புடுங் மாமா."

அவன் அவளைப் பார்த்துத் தலையாட்டினான். உதடு குவிந்தது, முதல் எழுத்துக்கு வேண்டிய மாதிரியே குவிந்தது, சொல்ல மனசும் இருந்தது. சொல்லுக்கு வேண்டிய மூச்சு ஒரு துளி இல்லை. முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. பின்னால் பொன்னெழிலன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான், வெள்ளையாக இருந்த இடத்துக்கு.

தெருவில் புருசன் கையைப் பிடித்துக்கூட நடந்தவள் இல்லை துளசிமணி. பேரவை அத்தனையும் பார்த்துக்கொண்டிருக்க, ஜன்னலில் ஊர் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் டிவி பார்த்துக்கொண்டிருக்க, அவன் முகத்தை ரெண்டு கையாலும் பிடித்து, அவன் வாயில் தன் வாயை வைத்து, ஈர விறகு அடுப்பை ஊதுகிற மாதிரித் தன் மூச்சு முழுவதையும் உள்ளே ஊதினாள். போக இடம் இல்லாத இடத்தில் அது இடம் பண்ணிக்கொண்டு போனது. அந்த மூச்சு திரும்பி வெளியே வரும்போது, பாதி அவன் குரலும் பாதி அவள் குரலுமாக ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு வந்தது.

"புளூசாக்கி."

சட்டை கொஞ்சநேரம் யோசித்தது. அப்புறம் ஒரு பெருமூச்சு விட்ட மாதிரித் தளர்ந்து, அவன் தலை வழியாக ஏறி, துளசிமணி மடியில் விழுந்தது. கைக்குழந்தைக்குக்கூடப் பத்தாத அளவில் இருந்தது. சென்னியப்பன் அறையில் இருந்த காற்றையெல்லாம் ஒரே இழுப்பில் இழுத்தான், ஜன்னல் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தாழ்ப்பாள் திறந்து முகில்வேந்தனார் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார், வேட்டி மடிப்புக் கலையவில்லை, ஆனாலும் குழந்தைக் களை ஒன்று முகத்தில் இருந்தது. தரையில் கிடந்த சென்னியப்பனைத் தாண்டி வாசலுக்குப் போனார். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். அவர் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"சோர்வகற்றும் கோவணம் என்ற நம் முன்னோர் வழக்கே கடல் கடந்து சோவ்ரகோ ஆயிற்று. அது நம் சொல். போன சொல் வீடு திரும்பியிருக்கிறது. காலில் அணிவதால்தானே கால்ட்செஸ்? மற்றவற்றையும் ஆய்ந்து வருகிறோம்."

அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் போட்டார்கள். கிரேக்கத் துணிச்சொற்கள் அனைத்தும் தூய்மொழியே, பேரவையினர் அவற்றைத் தாராளமாக, உரக்கச் சொல்லலாம். அன்று சாயங்காலம் ஊர்த் தண்ணீர்த் தொட்டியில் முதல்முறையாக நீர் மிச்சம் இருந்தது. லோகு தன் போர்டில் கிரேக்கத்தை அழித்துத் தொல்தமிழ் என்று எழுதினான், வகுப்பும் பாடமும் அதேதான்.

அதே தீர்மானத்தின் கடைசி வரியைச் சொல்லப் பொன்னெழிலன் நேரில் வந்தான். மத்தியான நேரம். சென்னியப்பன் வெறும் மேலோடு கீழே உட்கார்ந்து, அரிசியும் பருப்பும் சோற்றில் நெய்யை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். நெஞ்சைச் சுற்றிப் பிளாட்லாக் தையல் பதிந்த தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. பொன்னெழிலன் வாசல்படியில் நின்றே சொன்னான்.

"தீர்மானம் நிறைவேறும் முன்னரே அச்சொற்களை உச்சரித்த குற்றத்துக்காக, அண்ணன் கிளைச் செயலாளர் பொறுப்பிலிருந்தும் அடிப்படை உறுப்பினர் நிலையிலிருந்தும் நீக்கப்படுகிறார்."

"அப்பறம்?" என்றாள் துளசிமணி.

"மனைவியின் மூச்சைப் பொதுவிடத்தில் பெற்றுக்கொண்டதுக்கும் ஒரு கண்டனம் இருக்குதுங் அண்ணி."

சென்னியப்பன் வாயில் இருந்ததை மென்று விழுங்கினான். "முறைப்படி பார்த்தா அது சரிதான். நான் சத்தியம் மீறுனவந்தானே" என்றான். குத்தலாகச் சொல்லவில்லை, மனசறிந்தே சொன்னான்.

"யாருங் புதுச் செயலாளரு?" என்று துளசிமணி கேட்டாள்.

பொன்னெழிலன் தன் காலைப் பார்த்தான்.

"வாழ்த்துகள். உக்காரு பொன்னுச்சாமி, ஒரு வாய் சாப்புட்டுப் போ."

அவன் உட்காரவில்லை, வேலை இருக்கிறது என்று போய்விட்டான். சென்னியப்பன் தட்டை நீட்டினான், அவள் கரண்டியால் போட்டாள், மறுபடி நீட்டினான், மறுபடி போட்டாள். மூணாவது ஆள் சோறும் உள்ளே போனது.

"ஏனுங்" என்றாள். "அன்னைக்கு ஊதுனனே, என்ற மூச்சு. அதைத் திருப்பித் தரலையே நீங்க. மிஷின்ல உக்காந்தா எனக்கு இப்பெல்லாம் மேமூச்சு வாங்குது."

"உள்ளதான் எங்கியோ கெடக்குது. சோத்தப் போடு, தேடிப் பார்க்கறன்."

அவள் அடிப்பானையைச் சுரண்டிப் போட்டாள். அவன் வழித்துச் சாப்பிட்டு, தண்ணீரைக் குடித்து, சுவரில் சாய்ந்து, அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தெருக்கோடிக்குக் கேட்கும்படி ஒரு ஏப்பம் விட்டான். படுதா போட்ட வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்து பார்த்தது.

"இது யார்துங்?" என்றாள் துளசிமணி.

அவன் நெஞ்சில் கையை வைத்துக் கொஞ்சநேரம் கவனித்தான்.

"பாதிப் பாதி" என்றான்.